கிழக்குக் கட்டையும் கட்டியக்காரனும்

'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' படத்தைப் பற்றி யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் இரண்டில் ஒரு பதில்தான் வரும். "செம காமெடி, புள்ளைங்களோட உக்காந்து பாக்கலாம்" என்பது ஒன்று. "தமிழ்நாட்டுல ஏதுங்க கௌபாய்? லாஜிக்கே இல்ல" என்பது இன்னொன்று. என் அனுபவத்தில் இரண்டாவது பதிலைச் சொல்பவர்கள் பெரும்பாலும் என்னோடு வேலை பார்ப்பவர்கள், நாலு ஆங்கிலப் படம் பார்த்தவர்கள். முதல் பதிலைச் சொல்பவர்கள் கீழ்பென்னாத்தூரில் இருக்கும் என் சொந்தபந்தங்கள். அவர்களில் பலர் ஒரு கௌபாய் படத்தைக்கூட முழுதாகப் பார்த்தது கிடையாது.

இது எனக்கு விசித்திரமாகப் பட்டது. ஒரு வகைப் படத்தைக் கிண்டல் செய்து எடுத்த படத்தை ரசிக்க வேண்டுமென்றால் அந்த வகைப் படம் தெரிந்திருக்க வேண்டும் இல்லையா? மூலத்தைப் படிக்காதவனுக்குப் பகடி புரியக்கூடாது. ஆனால் இங்கே மூலம் தெரிந்தவன் முகத்தைச் சுளிக்கிறான், தெரியாதவன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். ஏன்? கொஞ்ச நாளாக இதைத்தான் நோண்டிக்கொண்டிருந்தேன். கிடைத்ததை எழுதி வைக்கிறேன்.

முதலில் படத்தைப் பற்றிச் சுருக்கமாக. 2010 மே மாதம் வந்தது. சிம்புதேவன் இயக்கம். ஆனந்த விகடனில் கார்ட்டூன் வரைந்துகொண்டிருந்தவர், 2006-ல் 'இம்சை அரசன் 23ம் புலிகேசி' எடுத்துப் பெயர் வாங்கினார், 2008-ல் 'அறை எண் 305-ல் கடவுள்', அடுத்தது இது. ராகவா லாரன்ஸ் ஹீரோ, நாசர் வில்லன், பத்மப்ரியா, லட்சுமி ராய், சந்தியா மூன்று பேரும் உண்டு. இசை ஜி.வி.பிரகாஷ்குமார். கதை நடப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில், தொப்பி, துப்பாக்கி, குதிரை எல்லாம் உள்ள ஒரு கற்பனைத் தமிழ்நாட்டில். ஜெய்சங்கர்புரம் என்று ஓர் ஊர். அதை உசாபுரத்திலிருந்து ஆட்டிப்படைக்கிறான் கிழக்குக் கட்டை என்பவன். ஊரைக் காப்பாற்றிவந்த சிங்கம் என்ற வீரனைக் காணவில்லை. அவனைப் போலவே இருக்கும் சிங்காரம் என்பவன் வேறோர் இடத்தில் தூக்குக் கயிற்றின் கீழே நிற்கிறான். ஊர்ப் பெரிய மனிதர்கள் அவனைக் காப்பாற்றிக் கொண்டுவந்து, "நீதான் சிங்கம்" என்று சொல்லி நிறுத்துகிறார்கள். அப்புறம் புதையல் வேட்டை, காட்டுவாசிகள், கடைசியில் துப்பாக்கிச் சண்டை.

பெயர்களைக் கவனித்தீர்களா? ஆங்கிலத்தில் ஈஸ்ட் என்றால் கிழக்கு, உட் என்றால் கட்டை. கிளின்ட் ஈஸ்ட்வுட் தமிழுக்கு வந்துவிட்டார். உசாபுரம் யு.எஸ்.ஏ.வைக் கூட்டி வாசித்தது. ஜெய்சங்கர்புரம் யாருக்கான நன்றி என்று சொல்லத் தேவையில்லை. இந்தப் பெயர்களை அவிழ்க்கத் தெரிந்தவர்களுக்கு அது ஒரு தனி சந்தோஷம். ஆனால் அதுதான் படத்தின் சிரிப்பு என்று நினைத்தால் என் சொந்தக்காரர்களின் சிரிப்புக்குக் கணக்கு உதைக்கும்.

'லாஜிக்' ஆட்களின் வாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். கௌபாய் அமெரிக்காக்காரன், அவனைத் தமிழன் காப்பியடிப்பது போலி என்பது அவர்கள் கட்சி. சரி, அசல் எது? ஈஸ்ட்வுட்டை உலகப் பிரபலமாக்கிய 1964-ம் வருடப் படத்தை எடுத்தவர் செர்ஜியோ லியோனே, இத்தாலிக்காரர். படம்பிடித்தது பெரும்பாலும் ஸ்பெயினில். கதை குரோசாவாவின் 1961-ம் வருட 'யோஜிம்போ' என்ற ஜப்பானியப் படத்தினுடையது, அதற்காகச் சட்டச் சிக்கலே வந்தது. அமெரிக்கப் படம் என்று ஜனங்கள் நம்பட்டும் என்று லியோனே தன் பெயரையே பாப் ராபர்ட்சன் என்று போட்டுக்கொண்டார். 1970-ல் வந்த 'தே கால் மீ டிரினிட்டி' குடும்பத்தோடு பார்க்கிற மாதிரியான சிரிப்புக் கௌபாய் படங்களில் உலகம் முழுக்க ஓடிய ஒன்று. சுடுவதைக் குறைத்து, கன்னத்தில் அறைவதை அதிகமாக்கிய படம். அதில் நடித்த டெரன்ஸ் ஹில், பட் ஸ்பென்சர் இருவரும் பெயரில் மட்டும்தான் அமெரிக்கர்கள். நிஜப் பெயர் மாரியோ ஜிரோட்டி, கார்லோ பெதர்சோலி. ஆக ஜப்பான், இத்தாலி, ஸ்பெயின் என்று சுற்றிவந்த சரக்கு அது. அந்த வரிசையில் ஜெய்சங்கர்புரம் இன்னும் ஒரு ஸ்டாப், அவ்வளவுதான்.

தமிழுக்கு இந்தச் சரக்கு வந்த வழியும் சுவாரசியமானது. சினிமா ஒரு வழி, சிவகாசி இன்னொரு வழி. 1972-ல் முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு ஆரம்பித்தது. அது கௌபாய் கதை இல்லை, ஆனால் 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' என்ற தலைப்பைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், அந்த அட்டையின் ஓசை கேட்கும். 1984-ல் லயன் காமிக்ஸ் வந்தது. அதில் 1985-ல் வந்து இறங்கினார் டெக்ஸ் வில்லர், இத்தாலியில் 1948-ல் பிறந்த ரேஞ்சர். பிறகு லக்கி லூக், பெல்ஜியத்துக்காரர் மோரிஸ் 1946-ல் வரைந்து ஆரம்பித்தது. கேப்டன் டைகர் பிரெஞ்சிலிருந்து வந்தவர். எண்பதுகளில் பையனாக இருந்த எங்களுக்கு அரிசோனா என்பது சிவகாசியில் அச்சாகி, திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கிய ஓர் ஊர். லக்கி லூக் வாயில் இருந்த சிகரெட்டை 1983-ல் மோரிஸ் எடுத்துவிட்டு ஒரு புல்லை வைத்தார், சின்னப் பிள்ளைகள் படிக்கிறார்களே என்று. 'குடும்பத்தோடு பார்க்கிற கௌபாய்' என்ற சமாச்சாரம் எவ்வளவு யோசித்துச் செய்யப்பட்டது என்பதற்கு அந்தப் புல் ஒன்றே போதும்.

சினிமா வழியில் பெரிய ஆள் எம்.கர்ணன். கே.எஸ்.கோபாலகிருஷ்ணனின் 'கற்பகம்' (1963) போன்ற குடும்பப் படங்களுக்குக் கேமரா பிடித்தவர். அப்படிப்பட்டவர் இயக்கத்துக்கு வந்ததும் ஜெய்சங்கரைக் குதிரையில் ஏற்றினார். 'காலம் வெல்லும்' (1970), 'கங்கா', 'ஜக்கம்மா' (இரண்டும் 1972), 'எங்க பாட்டன் சொத்து' (1975). இந்தப் படங்களில் கதை நம்மூர் பழிவாங்கல் கதைதான், அம்மா உண்டு, கண்ணீர் உண்டு. ஆனால் துரத்தல் வந்தால் மட்டும் தொப்பி மாட்டிக்கொண்டு பாறைக்கும் ஆற்றுக்கும் நடுவே குதிரை பறக்கும். தெலுங்கில் கிருஷ்ணா 1971-ல் 'மோசகாள்ளகு மோசகாடு' நடித்தார், கே.எஸ்.ஆர்.தாஸ் இயக்கம். இவை எல்லாம் சீரியஸாக எடுத்த படங்கள். சிம்புதேவன் பகடி செய்யும்போது அவர் கண்முன்னே இருந்தது ஹாலிவுட் மட்டும் இல்லை, இந்தக் கர்ணன் படங்களும்தான். ஊருக்கு ஜெய்சங்கர் பெயரை வைத்ததில் கிண்டலைவிடப் பாசம் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதெல்லாம் எனக்குத் தெரிந்த சமாச்சாரம். அம்மாவுக்குத் தெரியாது. சித்தப்பாவுக்கும் தெரியாது. அவர்கள் எதற்குச் சிரித்தார்கள்?

ஒரு பொங்கல் லீவில் ஊருக்குப் போயிருந்தபோது டிவியில் இந்தப் படம் ஓடியது. அம்மா, சித்தப்பா, என் மகள், நான். என்னிடம் ஒரு கெட்ட பழக்கம், நோட்டும் பேனாவும் இல்லாமல் உட்கார மாட்டேன். யார் எப்போது சிரித்தார்கள் என்று குறித்துக்கொண்டே வந்தேன். (மென்பொருள்காரன் புத்தி, லாக் எழுதாமல் எதையும் நம்ப மாட்டோம்.) நான் சிரித்த இடங்கள் பெரும்பாலும் பெயர்கள், பின்னணி இசை, ஏதாவது ஒரு பழைய படத்தை ஞாபகப்படுத்துகிற கேமரா கோணம். மகள் சிரித்தது குதிரைக்கும் துப்பாக்கி வித்தைக்கும். அம்மாவும் சித்தப்பாவும் சிரித்தது வேறு இடங்களில். ஒன்று, பயந்தவன் வீரனாக நடிக்கிற ஒவ்வொரு இடத்திலும். இரண்டு, அந்தக் காலத்து ஆள் வேஷத்தில் நிற்பவன் இந்தக் காலத்துப் பேச்சுப் பேசுகிற ஒவ்வொரு இடத்திலும். "உசாபுரம்" என்றபோது அம்மா, "யாருடா அந்த உஷா?" என்று கேட்டார். கிழக்குக் கட்டை என்ற பெயருக்கு ஈஸ்ட்வுட் தெரியாமலே சிரித்தார். கட்டை மாதிரி நிற்கிற ஆளுக்குக் கட்டை என்று பெயர், போதாதா?

சித்தப்பா நடுவில் ஒரு வார்த்தை சொன்னார். "இவன் உத்தரகுமாரன்டா."

எனக்கு அங்கேதான் பொறி தட்டியது. எங்கள் பக்கத்தில் பங்குனி, சித்திரை, வைகாசி என்றால் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம். பகலில் பிரசங்கம், ராத்திரி விடிய விடியக் கூத்து, கடைசியில் களிமண்ணில் துரியோதனனைப் படுக்கவைத்துப் படுகளம். அதில் விராட பர்வம் தெரியாதவர்கள் கிடையாது, மழை வேண்டுமென்று அதைப் படிக்கிற வழக்கமும் உண்டு. விராட ராஜன் மகன் உத்தரகுமாரன் அந்தப்புரத்துப் பெண்கள் நடுவே உட்கார்ந்துகொண்டு, "ஒரு நல்ல சாரதி மட்டும் கிடைக்கட்டும், கௌரவர் சேனையை ஊதித் தள்ளிவிடுவேன்" என்று அளக்கிறான். சாரதியாக வருவது பிருகன்னளை, அதாவது ஆட்டம் கற்றுக்கொடுக்கும் பேடி வேஷத்தில் இருக்கும் அர்ச்சுனன். சேனையைக் கண்ணால் கண்டதும் பையன் தேரிலிருந்து குதித்து ஓட்டம் பிடிக்கிறான். பிருகன்னளை துரத்திப் பிடித்துவந்து தேரில் போட்டு, சண்டையைத் தானே போட்டு முடிக்கிறாள். ஊரில் அப்பாவோ மகன்தான் ஜெயித்தான் என்று ஊர்வலத்துக்கு ஏற்பாடு செய்கிறார்.

இப்போது ஹாலிவுட் பக்கம் வாருங்கள். 1948-ல் பாப் ஹோப் நடித்த 'தி பேல்ஃபேஸ்' சிரிப்புக் கௌபாய் படங்களுக்குத் தாத்தா மாதிரி. ஹோப் ஒரு பயந்தாங்கொள்ளிப் பல் டாக்டர். ஜேன் ரஸ்ஸல் அரசாங்க உளவு வேலைக்காக வேஷம் மறைத்து அவனைக் கல்யாணம் செய்துகொண்டு கூடவே வருகிறாள். சண்டை வந்ததும் மறைந்திருந்து சுடுவது அவள், விழுகிற எதிரிகளைப் பார்த்துத் தான்தான் சுட்டதாக நம்புவது அவன், ஊரே அவனைத் தூக்கிவைத்து ஆடுகிறது. பெண் வேஷத்தில் இருந்த ஆண் இங்கே நிஜப் பெண்ணாகிவிட்டாள். மற்றபடி தேர், சேனை, ஊர்வலம் எல்லாம் அச்சு அசல் விராட பர்வம். பாரதத்தை அவர்கள் படித்தார்கள் என்று சொல்ல வரவில்லை. வீரத்தைப் பற்றிப் பெருமைப்படுகிற எந்த ஊரிலும் பக்கத்திலேயே இந்த ஜோக் முளைத்துவிடும். கௌபாய் படம் என்பது வீரனைப் பற்றிய படம். அதன் சிரிப்பு வடிவம் தானாகவே உத்தரகுமாரனைப் பற்றிய படமாகிவிடுகிறது. சிங்காரம் தெரிந்தே நடிக்கிறான், ஹோப்பும் உத்தரகுமாரனும் மாட்டிக்கொள்கிறார்கள் என்ற வித்தியாசம் உண்டு. ஆனால் சித்தப்பாவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. தொப்பி அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

இரண்டாவது விஷயம், காலம். இங்கேதான் படித்தவர்களின் 'லாஜிக்' அடிபடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆள் எப்படி இன்றைய அரசியலைப் பேசுவான் என்று கேட்கிறார்கள். கூத்து பார்த்தவர்கள் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்குக் கட்டியக்காரனைத் தெரியும்.

தெரியாதவர்களுக்காக: கட்டியக்காரன் கூத்தின் கோமாளி, ஆனால் கோமாளி மட்டும் இல்லை. ராஜா வேஷம் திரைக்குப் பின்னால் நின்று கிரீடத்தையும் புஜகீர்த்தியையும் ஆட்டிக்கொண்டு பாடும்போது, "யாரய்யா நீங்க, எந்த ஊரு, இன்னா விஷயமா வந்தீங்க?" என்று கேட்பவன் அவன்தான். ராஜா செந்தமிழில் பதில் சொல்வார். அதைக் கட்டியக்காரன் நம்ம பாஷையில் ஜனங்களுக்கு எடுத்துச் சொல்வான். ராஜா அஸ்தினாபுரத்தில் இருப்பார், கட்டியக்காரன் அதே களரியில் நின்றுகொண்டு கீழ்பென்னாத்தூரில் இருப்பான். ரேஷன் கடை வரும், பஞ்சாயத்துத் தலைவர் வருவார், கடைசி பஸ்ஸைப் பிடிக்க எழுந்து போகிறவரையும் விட மாட்டான். துச்சாதனன் சேலையில் கை வைக்கிற நேரம் வந்தால் இவனே பயபக்தியோடு ஒதுங்கி நிற்பான். சிரித்துக்கொண்டிருந்த ஜனம் கையெடுத்துக் கும்பிடும். இரண்டு காலமும் ஒரே மேடையில் ஓடும், ஒன்றை ஒன்று இடிக்காது.

மேடையில் மட்டும் இல்லை, கோயிலுக்குள்ளும் அப்படித்தான். பல திரௌபதி அம்மன் கோயில்களில் காவலுக்கு முத்தால் ராவுத்தன் நிற்பார். ராவுத்தன் என்றால் குதிரை வீரன், முஸ்லிம். பாண்டவர் காலத்து அம்மனுக்கு, இஸ்லாம் வந்த பிறகான ஒரு குதிரைக்காரர் காவல். 'லாஜிக் இல்லை' என்று அங்கே யாரும் சொல்வதில்லை, சுருட்டும் சாராயமும் படைத்துவிட்டுப் போகிறார்கள். திரௌபதி வழிபாட்டைப் பற்றிப் பெரிய ஆராய்ச்சி செய்த ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988-ல் வெளியிட்ட முதல் தொகுதிக்கு 'செஞ்சியிலிருந்து குருட்சேத்திரத்துக்கு' என்ற பொருளில் துணைத்தலைப்பு வைத்தார். அந்தச் செஞ்சி எங்கள் ஊரிலிருந்து கிழக்கே 20 கிலோமீட்டர் சொச்சம். அந்த ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும், யாரோ அள்ளிக் கொட்டியது போல உருண்டைப் பாறைகள் அடுக்கிய குன்றுகள், நடுநடுவே முள்ளுக்காடு. ஸ்பெயினுக்குப் போக வேண்டிய அவசியமே லியோனேவுக்கு இருந்திருக்காது, விலாசம் தெரியவில்லை பாவம்.

குதிரைக் கதையும் இங்கே புதுசு இல்லை. தேசிங்கு ராஜன் 1714-ல் ஆற்காட்டு நவாபோடு சண்டை போட்டுச் செத்தவன், இளவயசு. கதைப்பாட்டில் டில்லி பாதுஷாவின் அடங்காத குதிரையை அவன் அடக்குகிறான். கல்யாணக் கோலத்தில் இருந்த சிநேகிதன் மகமத்கான் எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சண்டைக்கு வருகிறான். அடங்காத குதிரை, உயிர் கொடுக்கும் நண்பன், ஜெயிக்க முடியாத சண்டை. 1960-ல் எம்.ஜி.ஆர். 'ராஜா தேசிங்கு'வாக நடித்தார். இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த சனத்துக்குக் கௌபாய் அந்நியன் என்று யார் சொன்னது?

ஹாலிவுட்டிலும் இந்தக் காலக் குழப்படியைச் செய்திருக்கிறார்கள். மெல் புரூக்ஸின் 'பிளேசிங் சாடில்ஸ்' (1974) நடப்பது 1874-ல், பாலைவனத்து நடுவே கவுன்ட் பேசியின் ஜாஸ் குழு உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருக்கும். அந்தக் காட்சியை இன்றைக்கும் பெரிய துணிச்சல் என்று எழுதுகிறார்கள். கட்டியக்காரன் பார்த்தால் "இதுக்கா இவ்வளவு?" என்பான். அங்கே வீட்டில் எல்லாரும் பார்க்கிற மாதிரி எடுத்ததில் எனக்குப் பிடித்தது 'சப்போர்ட் யுவர் லோக்கல் ஷெரிஃப்' (1969). ஜெயிலுக்கு இன்னும் கம்பி வந்து சேரவில்லை. ஷெரிஃப் தரையில் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் கொஞ்சம் சிவப்புப் பெயின்டைத் தெளித்து வைக்கிறார். கைதி அதைப் பார்த்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்துகொள்கிறான். என் மகளுக்கு ஆங்கிலம் பாதி புரியாமலே அந்தக் காட்சியை நாலு தடவை போடச் சொன்னாள்.

இதுவரைக்கும் எல்லாம் நல்ல சேதி. கொஞ்சம் முள் குத்துகிற இடத்துக்கு வருகிறேன்.

'இரும்புக்கோட்டை'க்கு ஒன்பது மாதம் முந்தி, 2009 ஆகஸ்டில் 'குவிக் கன் முருகன்' வந்தது. 1994-ல் சேனல் வி-யில் சின்னச் சின்ன விளம்பரத் துண்டுகளாக வந்த பாத்திரம், பிறகு முழுப் படமானது. ராஜேந்திர பிரசாத் தென்னிந்திய கௌபாய், பளபளச் சட்டை, "மைண்ட் இட்!" வில்லன் ரைஸ் பிளேட் ரெட்டி, அதுவும் நாசரேதான். ஒரு வருஷத்துக்குள் இரண்டு கௌபாய் காமெடிக்கு அவர் வில்லன். என்னோடு வேலை பார்க்கும் வடக்கத்தி நண்பர்கள் அந்தப் படத்தைக் கொண்டாடினார்கள், 'லாஜிக்' பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. எனக்கு அதில் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. கௌபாய் உடையில் தமிழன் நிற்பதே ஜோக், அவன் ஆங்கிலம் பேசுகிற விதமே ஜோக். கேமரா இருப்பது ஊருக்கு வெளியே. சிங்காரம் தமிழனாக இருப்பதற்காக யாரும் சிரிப்பதில்லை, ஏனென்றால் படத்தில் எல்லாருமே தமிழர்கள். பயந்துகொண்டே வீரனாக நிற்பதற்காகச் சிரிக்கிறோம். அதே தொப்பி, அதே நாசர். எந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கிறோம் என்பதில்தான் எல்லாம் மாறிவிடுகிறது.

இதை நோட்டில் எழுதி ரொம்பத் திருப்தியாக இருந்தேன். அந்த நேரத்தில் டிவியில் காட்டுவாசிகள் வந்தார்கள்.

பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். எம்.எஸ்.பாஸ்கர் தலைவர், புரியாத பாஷையில் பேசுவார். சாம்ஸ் அதை மொழிபெயர்ப்பார். படத்திலேயே அதிகம் பேர் ரசித்த காட்சிகளில் ஒன்று. யூடியூப்பில் துண்டு துண்டாகச் சுற்றுகிறது. நானும் சிரித்தேன், மகள் உருண்டு சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. "நம்ம ஏரிக்கரை ஆளுங்கள இப்பிடி வேஷம் கட்டி ஆடவிட்டா சிரிப்பியாடா?" என்றார்.

ஏரிக்கரை ஆட்கள் என்று அம்மா சொன்னது இருளர் குடும்பங்களை. திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம் அவர்கள் நிறையப் பேர். எலி பிடிக்க, பாம்பு பிடிக்க, அறுப்புக்கு என்று நமக்கு வேலை இருக்கும்போது மட்டும் கூப்பிடுவோம். சாதிச் சான்றிதழுக்கும் வீட்டுமனைப் பட்டாவுக்கும் வருஷக்கணக்கில் ஆபீஸ் வாசலில் நிற்கிறவர்கள்.

அந்தக் காட்சிக்கு என்னால் வக்காலத்து வாங்க முடியும், அன்றைக்கு அம்மாவிடம் வாங்கவும் செய்தேன். அங்கே ஜோக் மொழிபெயர்ப்பில் இருக்கிறது, ராஜா பேச்சைக் கட்டியக்காரன் எடுத்துச் சொல்வதன் தலைகீழ் வடிவம் அது. தலைவர் பேச்சில் என்ன இருந்தது, சாம்ஸ் எதைச் சொன்னார் என்ற இடைவெளியில்தான் சிரிப்பு வருகிறது. வேஷமும் நம்மூர்ப் பழங்குடிகளுடையது இல்லை, ஹாலிவுட் செவ்விந்தியர்களுடையது. பகடிக்குள் பகடி. எல்லாம் சரி. ஆனால் 'குவிக் கன் முருகன்' பார்த்துவிட்டு என் டெல்லி நண்பர் சொன்னதும் ஏறக்குறைய இதேதான், "யார், அதில் நிஜத் தமிழனே இல்லையே, கார்ட்டூன்தானே?" அவருக்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. புரியாத சத்தமாக ஒரு பாஷையைக் காட்டினால் அந்தப் பாஷைக்காரன் எங்கே உட்கார்ந்து பார்ப்பான்? ஜெய்சங்கர்புரத்துக்காரர்கள் எல்லாருக்கும் பேர் இருக்கிறது, பயம் இருக்கிறது, ஊர் இருக்கிறது. காட்டுக்குள் இருப்பவர்களுக்குச் சத்தம் மட்டும். என் தராசை எடுத்து என் பக்கம் வைத்தால் முள் சாய்கிறது. படம் எனக்கு இப்பவும் பிடிக்கும், அந்தக் காட்சியின் டைமிங் அபாரம். ஆனால் அதை உத்தரகுமாரன் சிரிப்போடு ஒரே கணக்கில் சேர்க்க மாட்டேன்.

கூத்தையும் கோயில் மேடையையும் நான் ரொம்பப் புகழ்ந்துவிட்டேனோ என்று எழுதும்போதே உறுத்தியது. எல்லாவற்றையும் கிண்டல் பண்ணலாம் என்ற அந்தச் சலுகை எல்லார் மேலும் ஒரே மாதிரி விழுந்ததில்லை. ரேஷன் கடைக்காரரைக் கிண்டல் பண்ணினால் மறுநாள் டீக்கடையில் பதிலடி கொடுப்பார். கரகாட்ட மேடைகளில் குறவன் குறத்தி ஆட்டம் என்ற பெயரில் ஆபாசமாக ஆடியதற்கு அந்தச் சமூகத்தார் எந்த டீக்கடையில் போய்ப் பதில் சொல்வது? வருஷக்கணக்கில் கேட்டார்கள், நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். கடைசியில் 2023-ல் தமிழ்நாடு அரசு அந்த ஆட்டத்துக்குத் தடை போட்டது. "பாரம்பரியம் போச்சு" என்று புலம்பியவர்கள் உண்டு. புரிசைத் தம்பிரான்மார் பிரெக்டையும் மார்க்கேஸையும் கூத்தாக்கி ஆடியிருக்கிறார்கள், நம்ம மாவட்டத்துக்காரர்கள்தான். அவ்வளவு இடம் கொடுக்கிற ஒரு கலைக்கு ஒரு குறத்தி ஆட்டம் போய்விட்டால் என்ன குறைந்துவிடும் என்று எனக்குப் புரியவில்லை.

போன வருஷம் பக்கத்து ஊர் பாரதத்தில் விராட பர்வம் பார்த்தேன். உத்தரகுமாரன் தேரிலிருந்து குதித்து ஜனங்களுக்கு நடுவே ஓடிவந்து, முன்வரிசைப் பாட்டி பின்னால் ஒளிந்துகொண்டான். கட்டியக்காரன் பையிலிருந்து செல்போனை எடுத்து, "ராஜா, உங்க புள்ளை ரேஞ்சுல இல்ல" என்றான். பக்கத்தில் ஏரிக்கரைக் குடும்பம் ஒன்று பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. அந்த வீட்டுப் பையன் சிரித்த சிரிப்பில் அவன் அப்பா தோளிலிருந்து துண்டு நழுவிக் கீழே விழுந்தது.